ஒரு பக்கம் மட்டும் அஞ்சு புள்ளி சைபர்

நான் பஸ்ஸுல போற ஆளில்லை கண்ணு. இதைச் சொல்றதுனால உனக்கென்ன, எனக்கென்ன, ஆனாலும் சொல்லிடறேன். ஊட்டுல கார் நிக்குது. சாதாரணக் காரில்லை. அமெரிக்காக்காரன் பண்ற கார். மூக்கு நீளமா, பின்னாடி குண்டா, ரெண்டே கதவு, செவப்புக் கலரு. மசில் கார்னு பேரு. ஜிம்முக்குப் போற பசங்க கையை மடக்கிக் காட்டுவாங்கல்ல, அந்த மசில். அந்தக் காரை ஷெட்டுல துணி போட்டு மூடி வெச்சுட்டு, உம்பக்கத்துல இடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். கோயமுத்தூர் ஹோப் காலேஜ் ஸ்டாப்புல எறங்கோணும். தூங்கிட்டேன்னா எழுப்பிவிடு. தூங்க மாட்டேன். பேசிட்டேதான் வருவேன், அதுக்கு எங்கூட்டுக்காரர் சாட்சி.

எனக்குத் திருப்பூர்ல லேபிள் யூனிட். பனியன் போட்டா கழுத்துக்குப் பின்னாடி ஒரு துணி அரிக்குமல்ல, அது நாங்க பண்றதுதான். கம்பெனி பேரு, சைஸு, எந்தத் தண்ணியில தொவைக்கோணும்கிறது, எல்லாம். இருவது வருசமா ஊரான் பேரை நெய்யறேன். லேபிள் ஒரு நூல் கோணலாப் போனா போதும், வெளிநாட்டுக்காரன் மொத்த சரக்கையும் திருப்பி அனுப்பிருவான். அதனால எங்கண்ணு அளவுகோல் மாதிரி. உன் சட்டையில அந்த பாக்கெட் சித்த கோணல். பரவால்ல, கடைக்காரனுக்கே தெரிஞ்சிருக்காது.

கார் வாங்கோணும்னு நான் போகலை. பல்லடத்துக்காரர் ஒருத்தர் சிங்கப்பூர்ல இருந்து திரும்பி வந்தவரு, தையல் மிசின் விக்கிறாருன்னாங்க. பார்க்கப் போனேன். மிசினெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. ஷெட்டுல இது நின்னுச்சு. சிங்கப்பூர்ல இருந்து கப்பல்ல கொண்டாந்துட்டாரு, இங்க வந்தா அவங்கம்மா அந்தத் தாழ்வான சீட்டுல உக்காந்தா எந்திரிக்க முடியலையாம். வித்துடறேன்னாரு. நான் உள்ள உக்காந்து பார்த்தேன். அவ்வளவுதான். தையல் மிசினை வாங்கப் போனவ காரை வாங்கிட்டு வந்துட்டேன். எங்கூட்டுக்காரர் வாசல்ல நின்னு காரைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, "மிசின் எங்க?"ன்னாரு. அவரு எப்பவுமே அவ்வளவுதான் பேசுவாரு.

வித்தவரு ஒண்ணையும் மறைக்கலை. "எஞ்சின் சின்னதுதாங்க்கா. ரெண்டு புள்ளி மூணு லிட்டர், நாலு சிலிண்டர். டர்போ இருக்கறதுனால நல்லா இழுக்கும். பெருசுன்னா அஞ்சு லிட்டர், எட்டு சிலிண்டர், அது வேற மாடல்"ன்னு தெளிவாச் சொன்னாரு. எனக்கு நாலும் எட்டும் ஒண்ணுதான். மிதிச்சா ஓடுது, வேறென்ன வேணும்.

அப்படித்தான் இருந்தேன், எங்கண்ணன் போன் பண்ற வரைக்கும்.

எங்கண்ணன் பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல ஸ்பின்னிங் மில்லு. காருன்னா உசுரு. ஜெர்மன்காரன் பண்ணின எட்டு சிலிண்டர் கார் வெச்சிருக்கான், அதுக்குன்னு ஒரு கிளப்பு, ஞாயித்துக்கிழமையானா எல்லாரும் வரிசையா எங்கியாவது போவாங்க. நேர்ல பேசறப்ப நான் நீங்க, வாங்கன்னுதான் பேசுவேன். இப்படிப் பின்னாடிதான் அவன் இவன்கிறது. அதுக்குக் காரணம் இருக்குது. எனக்குப் பதினெட்டு வயசுல, எங்கப்பாவோட அம்பாசிடரை ஓட்டக் கத்துக் குடுங்கண்ணான்னு கேட்டேன். கத்துக்கிட்டு எங்க போகப் போற அம்மிணின்னு சிரிச்சான். திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன். நாப்பது வயசுல நானே டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்து, என்னைவிட சின்னப் புள்ளைங்ககூட வரிசையில நின்னு கத்துக்கிட்டேன். அவனுக்காக இல்லை, அதை முதல்ல சொல்லிடறேன். நான் எதையும் அவனுக்காகப் பண்ணினதில்லை.

சரி, போன் பண்ணினான். நல்லா இருக்கியா, மாப்பிள்ளை எப்படி, ஒண்ணும் இல்லை. "அமெரிக்கன் கார் வாங்கியிருக்கியாமா. எத்தனை சிலிண்டர்?"

"எட்டுங்கண்ணா."

நான் சொல்லலை கண்ணு. வாய் சொல்லுச்சு. நாலுன்னுதான் நாக்கு நுனியில இருந்துச்சு, வெளிய வந்தது எட்டு. அவன் "நல்லது"ன்னு வெச்சுட்டான்.

போனை வெச்சதும் போய்க் காரைச் சுத்திப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு மேல ரெண்டு பக்கமும் மொட்டையா இருக்குது. பெரிய எஞ்சின் மாடல்னா அந்த எடத்துல 5.0ன்னு நம்பர் போட்டிருப்பானாம். சின்னதுக்கு ஒண்ணும் போட மாட்டான். மாட்டை லாடம் அடிக்காம சந்தைக்கு ஓட்டிட்டு வந்தாப்பல நிக்குது. எங்கண்ணன் இதைப் பார்த்தான்னா முதல் பார்வையிலேயே தெரிஞ்சுக்குவான். எட்டுன்னு சொல்லியாச்சு. சொன்னதுக்கு ஏத்தாப்பல காரையாவது மாத்தோணுமல்ல.

காந்திபுரத்துல இதயத்துல்லா பாய்னு ஒருத்தர் கடை வெச்சிருக்காரு. காருக்கு வேணும்கிற அலங்காரச் சாமானெல்லாம். நான் போய், பேட்ஜ் காட்டுங்கன்னேன். தட்டு தட்டா எடுத்து வெச்சாரு பாரு, நகைக்கடை தோத்துச்சு. எழுத்து, நம்பர், பாம்பு, பருந்து, காளை மாடு, மண்டையோடு. வெள்ளியாட்டம் மின்னறது, கறுப்பு, செவப்புக் கரை வெச்சது.

"என்ன எஞ்சின்க்கா?"ன்னாரு.

"உங்களுக்கு எதுக்குங்க பாய் அது?"ன்னேன்.

அவரு சிரிக்கலை. "சும்மா கேட்டேன். இருக்கறதை வாங்க யாரும் எங்கடைக்கு வர்றதில்லை"ன்னாரு. எனக்கு அந்த மனுசனைப் பிடிச்சுப் போச்சு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முச்சூடும் அங்கதான் நின்னேன். என் பட்டுப்புடவைக்குக்கூட அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. முதல்ல வி எய்ட்னு எழுதினதை எடுத்தேன். எழுத்து பெருசு, காது குத்துக்கு மைக் செட் போட்டாப்பல இருந்துச்சு. வெச்சுட்டேன். 5.0லயே நாலஞ்சு வகை. ஒண்ணுல அஞ்சோட வயிறு பெருத்திருக்குது. இன்னொண்ணுல புள்ளி ஒரு மாதிரி மேல ஏறி நிக்குது. அச்சு சரியில்லைங்க பாய், இதை அடிச்சவனைக் கூப்பிடுங்கன்னேன். அவரு பாவம், டீ வாங்கிக் குடுத்தாரு. பின்னாடி ஒட்டியிருந்த டேப்பைச் சொரண்டிப் பார்த்தேன், பசை நல்ல பசைதான். கடைசியில கறுப்புல, ஓரத்துல மட்டும் வெள்ளிக் கோடு ஓடற 5.0 ஒண்ணு. அடக்கமா, நான் பாட்டுக்கு இருக்கேன்கிற மாதிரி. ஒரு சோடி எடுத்தேன்.

வி எய்ட்டும் சேர்த்து ஒட்டுங்கக்கா, எடுப்பா இருக்கும்னாரு. வேண்டாம் பாய், ஒரு தடவை சொன்னாப் போதும்னேன். எனக்கும் ஒரு நேர்மை இருக்குதல்ல. என் யூனிட்ல, கம்பெனிக்காரன் கேக்காம அவன் பேரை ஒரு லேபிள்லகூட நான் நெய்ததில்லை. ஒருத்தன் வந்து அவன் பனியனுக்குப் பெரிய கம்பெனி பேரைப் போட்டுக் குடுங்கன்னு கேட்டப்ப, வெளிய போடான்னு அனுப்பிச்சிருக்கேன். இது வேற. இது என் காரு.

முன்னாடிக்குப் பாம்புச் சின்னம் ஒண்ணும் வாங்கினேன். அதை எங்கூட்டுக்காரர் ஒட்ட விடலை. எனக்கு நாகதோசம் இருக்குது, முன்னாடி பாம்பை வெச்சுட்டுப் பின்னாடி நான் உக்கார மாட்டேன்னுட்டாரு. அது இப்ப பீரோவுல கெடக்குது.

ஒட்டினது நான்தான். ஸ்பிரிட்ல தொடைச்சு, டேப்புல கோடு போட்டு, முடி காய வெக்கிற மிசினை எடுத்து சூடு காட்டி, பெருவிரலால அமுக்கிப் பிடிச்சு, பிரசவம் பார்த்தாப்பல பார்த்தேன். வலது பக்கம் முடிச்சேன். எடது பக்கம் அளவு நாடாவை எங்கூட்டுக்காரர் பிடிச்சாரு. தள்ளி நின்னு பார்த்தா, அப்பா, எட்டு சிலிண்டர்தான். எனக்கே சந்தேகம் வந்துருச்சு, பானட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்.

அதுக்கப்புறம் வந்த கஷ்டம் இருக்குதே. அவினாசி ரோட்டுல சிக்னல்ல நின்னா, பைக்குல வர்ற பசங்க நம்பரைப் பார்த்துட்டு கண்ணாடியைத் தட்டறாங்க. "அக்கா, ஒரே ஒரு தடவை முறுக்குங்கக்கா, சத்தம் கேக்கோணும்." எட்டு சிலிண்டர்னா காட்டுப் பன்னியாட்டம் உறுமோணும். என்னது தேங்காய் அரைக்கிற மிக்ஸியாட்டம்தான் கத்தும். நான் என்ன பண்ணுவேன்? "போங்கடா, பெட்ரோல் உங்கப்பனா ஊத்தறான்"னு கண்ணாடியை ஏத்திக்குவேன். அவங்க அதுக்கும் கும்பிடு போட்டுட்டுப் போவாங்க. நாலு சிலிண்டரா இருந்தப்ப நிம்மதியாப் போயிட்டு வந்துட்டிருந்தேன். எட்டு ஆனதுல இருந்து சிக்னல் வந்தாலே நெஞ்சு அடிச்சுக்குது.

காங்கயத்துல ஒரு கல்யாணம். எங்க ஒறம்பரை அத்தனை பேரும் வந்திருந்தாங்க. மண்டபத்து வாசல்ல காரை நிறுத்தினேன். எங்கண்ணன் வந்தான். சுத்தி வந்தான். வலது பக்கம் குனிஞ்சு பார்த்தான், எடது பக்கம் குனிஞ்சு பார்த்தான், விரலால 5.0ஐத் தடவினான். எனக்குக் கட்டியிருந்த புடவை முச்சூடும் வேர்வை. நேரா பந்திக்குப் போயிட்டான். சாப்பிட்டு முடிச்சு நான் கெளம்பறப்ப ஸ்டார்ட் பண்ணினேன், அவன் பக்கத்துலயே நின்னுட்டிருந்தான். கண்ணாடிகிட்ட குனிஞ்சு, "வர்ற ஞாயித்துக்கிழமை கோத்தகிரி போறோம். கிளப்புல எல்லாரும் வர்றாங்க. நீயும் ஓட்டிட்டு வா"ன்னான்.

அம்பது வயசு தாண்டிப் போச்சு கண்ணு. அதுவரைக்கும் அவன் என்னை எங்கியும் கூப்பிட்டதில்லை. கல்யாணம், காது குத்து, எழவு, இதுக்குக் கூப்பிட்டிருக்கான். ஊரைக் கூப்பிடற மாதிரி. நீ வான்னு கூப்பிட்டதில்லை. வர்ற வழியில எங்கூட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பார்த்தீங்களா, நம்பர் வேலை செய்யுதுன்னு. அவரு வெளிய பார்த்துட்டே, "மலைப் பாதை, எனக்கு வாந்தி வரும்"னாரு.

ஞாயித்துக்கிழமை காலையில மேட்டுப்பாளையத்துல கூடினோம். ஆறேழு காரு. எல்லாம் ஆம்பளைங்க. ஒருத்தர் எலும்பு டாக்டர், ஒருத்தர் பம்ப் கம்பெனி, ஒருத்தர் என்ஜினியரிங் காலேஜ் நடத்தறவரு. மரியாதையாத்தான் பேசினாங்க. டீ குடிச்சாங்க. குடிச்சுட்டு ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா பானட்டைத் தூக்க ஆரம்பிச்சாங்க. அது அவங்க வழக்கமாம். கெளம்பறதுக்கு முன்னாடி எல்லாரும் எல்லாரோட எஞ்சினையும் பார்ப்பாங்களாம். பொண்ணு பார்க்கற மாதிரி. எங்கண்ணனும் திறந்தான். எல்லாரும் குனிஞ்சு பார்த்துட்டு எங்கிட்ட வந்தாங்க. டாக்டர், "மேடம், உங்க அஞ்சு லிட்டரைக் காட்டுங்க"ன்னாரு.

எங்கூட்டுக்காரர் வாந்தி மாத்திரையை முழுங்கிட்டு வானத்தைப் பார்த்துட்டு நிக்கிறாரு. நான் சொன்னேன், "திறக்கக் கூடாதுங்க. ஜோசியர் சொல்லியிருக்காரு. ஆடி முடியற வரைக்கும் பானட்டை எடுத்தா அந்தக் காருக்கு ஆகாதுன்னுட்டாரு."

சிரிப்பாங்கன்னு நினைச்சேன். ஒருத்தர் சிரிக்கோணுமே. படிச்சவங்க. காலேஜ் நடத்தறவரு பயபக்தியா ரெண்டடி பின்னாடி போயிட்டாரு. பம்ப் கம்பெனிக்காரர் தன்னோட பானட்டைப் பைய மூடினாரு. டாக்டர், "எந்த ஜோசியர் மேடம்? நம்பர் குடுங்க"ன்னு போனை எடுத்துட்டாரு. நான் என்ன பண்றது, எங்கூட்டுக்காரர் நம்பரைக் குடுத்தேன். அந்த டாக்டர் இன்னிக்கும் போன் பண்றாரு. இவரும் செவ்வாய்க்கிழமையில ஆபரேசன் வேண்டாம்னு ஏதோ சொல்லிட்டிருக்காரு.

எங்கண்ணன் மட்டும் கையைக் கட்டிட்டு என்னைப் பார்த்துட்டிருந்தான். "கெளம்பலாம்"னான்.

ஏறினோம். எனக்கு முன்னாடி அவன் காரு. பெருமைக்குச் சொல்லலை, நல்லாத்தான் ஓட்டினேன். கொண்டை ஊசி வளைவுல எல்லாம் அவன் தடுமாறுறான், நான் சிக்குனு திருப்பறேன். அவன் பிரேக்கு போடற எடமெல்லாம் தப்பு. வேண்டாத எடத்துல செவப்பு லைட் எரியுது, வேணும்கிற எடத்துல எரிய மாட்டேங்குது. ஒரு வளைவுல செவுத்துக்கு ஒரு சாண் வரைக்கும் போயிட்டான். பார்த்தீங்களா, எட்டு சிலிண்டர் வெச்சிருந்தா மட்டும் போதுமான்னு எங்கூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு பை ஒண்ணுக்குள்ள மூஞ்சியை விட்டுட்டிருந்தாரு.

பாதி மலைதான் ஏறியிருப்போம். முன்னாடி டயல்ல செவப்பா ஒரு படம் எரிஞ்சுச்சு. அப்புறம் பானட் ஓரத்துல இருந்து ஆவி. இட்லிக் குண்டானைத் திறந்தாப்பல குபுகுபுன்னு. ஓரங்கட்டி நிறுத்தினேன். முன்னாடி போனவங்க, பின்னாடி வந்தவங்க, எல்லாரும் நிறுத்திட்டு ஓடி வந்தாங்க. ஒருத்தர் தண்ணி கேன் கொண்டாந்தாரு. "பானட்டைத் திறங்க மேடம், திறங்க"ங்கறாங்க.

நான் போய் பானட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டேன். முதுகு சுடுது. கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டேன். "ஜோசியர்"னேன். டாக்டர்கூட, "மேடம், இது எமர்ஜென்சி, இதுக்குப் பரிகாரம் இருக்கும்"ங்கறாரு. நான் அசையலை. ஆவி என் முடி வழியா மேல போகுது. அம்மன் கோயில் தேராட்டம் நிக்கறேன். அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? காரு எரிஞ்சு போனாப் போகட்டும். இவங்க எண்ண வேண்டாம். நாலுன்னு எண்ணி முடிச்சுட்டு எங்கண்ணனை ஒரு பார்வை பார்ப்பாங்கல்ல, உன் தங்கச்சி இப்படியான்னு. அது வேண்டாம்.

எங்கண்ணன் கடைசியா வந்தான். பைய, கீழ பார்த்து நடந்து வந்தான். என்னைப் பார்த்தான். அவங்ககிட்ட திரும்பி, "நீங்கெல்லாம் மேல போய் டிபன் சொல்லி வைங்க. நான் பார்த்துக்கறேன்"னான். "இல்ல சார், கூட இருக்கோம்"னாங்க. "போங்க"ன்னான். மில்லுல நூறு பேரை அதட்டற குரல். எல்லாம் போயிட்டாங்க.

அப்புறம் எங்கிட்ட, "தள்ளு அம்மிணி, முதுகு வெந்துரும்"னான்.

தள்ளினேன். உள்ள கையை விட்டு லீவரை இழுத்தான், சூடு ஆறட்டும்னு சித்த நேரம் விட்டு, துணி சுத்தித் தூக்கினான். பார்த்தான். ரப்பர் குழாய் ஒண்ணு கிழிஞ்சிருந்துச்சு. "ஹோஸ் போயிருக்குது. இது இனி ஏறாது, இழுத்துட்டுத்தான் போகோணும்"னான். நாலைப் பத்திப் பேச்சே இல்லை.

என்னால தாங்க முடியலை. "எப்பத் தெரியுமுங்கண்ணா?"ன்னேன்.

"மண்டபத்துல நீ ஸ்டார்ட் பண்ணினப்பவே. எட்டு இப்படிக் கத்தாது."

எனக்கு வந்த கோவம் இருக்குதே. தெரிஞ்சுக்கிட்டே கூப்பிட்டிருக்கான் பாரு. தெரிஞ்சுக்கிட்டே ஜோசியர் கதையையும் கேட்டுட்டு நின்னிருக்கான். என்னைப் பைத்தியக்காரியாக்கி மலை ஏத்தியிருக்கான். "அப்பறம் எதுக்குங்க என்னைக் கூப்பிட்டீங்க?"ன்னேன்.

அவன் ரோட்டோரத் தடுப்புச் செவுத்துல உக்காந்தான். வலது கால் செருப்பைக் கழட்டிட்டு, பாதத்தைக் கையில தூக்கி மடியில வெச்சுக்கிட்டான். அடுத்தவன் காலாட்டம்.

"சுகர்ல இது மரத்துப் போச்சு அம்மிணி. ஊசி குத்தினாலும் தெரியலை. மேட்டுல எப்படியோ ஓட்டிருவேன். எறக்கத்துல பிரேக்கு மேல கால் இருக்குதா, இல்லையான்னு குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியுது. இவங்ககிட்ட சொன்னா அடுத்த வாரத்துல இருந்து என்னைக் கூப்பிட மாட்டாங்க. டிரைவர் வெச்சுக்கறதும் ஒண்ணுதான், எல்லாத்தையும் விட்டுடறதும் ஒண்ணுதான். எறங்கறப்ப உன் காரை மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டு, என் காரை நீ ஓட்டுவேன்னுதான் கூப்பிட்டேன்."

சாவியை நீட்டினான்.

நான் வாங்கலை உடனே. ஏன்னா அதுக்குள்ள இன்னொண்ணு சொல்லிட்டான். "அப்பறம் அந்த பேட்ஜு. எடது பக்கம் கோணலா ஒட்டியிருக்குது. முன்னாடி சித்த எறங்கியிருக்குது."

இத்தனை நடந்ததுல எனக்கு இதுதான் ஆறலை கண்ணு. எங்கிட்ட. லேபிள்காரிகிட்ட. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். எறங்கித்தான் இருந்துச்சு. ஒரு நூல், ஒண்ணரை நூல். அந்தப் பக்கம் நாடா பிடிச்சது யாரு? செவுத்தோரமா குத்த வெச்சு மூச்சு வாங்கிட்டிருந்தாரே, அவருதான். அன்னிக்கு அவரைத்தான் இழுவை வண்டி வர்ற வரைக்கும் எங்காருக்குக் காவல் வெச்சுட்டு வந்தேன். அவருக்கும் சந்தோசம், மத்த காருல ஏற வேண்டாமல்ல.

அந்தக் கோணலைச் சரி பண்றேன்னு போன மாசம் நைலான் நூலை விட்டு அறுத்து எடுத்தேன். நிக்கிற காருக்குத்தான், ஹோஸு சிங்கப்பூர்ல இருந்து இன்னும் வந்த பாடில்லை. எடுக்கறப்ப அஞ்சு தனியா, சைபர் தனியாப் போயிருச்சு. பாய்கிட்ட போய் ஒத்தை பேட்ஜ் குடுங்கன்னேன், சோடியாத்தான் வரும்கறாரு. புது சோடி வாங்கினா வலது பக்கம் இருக்கறதும் பழசாத் தெரியும். அப்ப ரெண்டு புள்ளி மூணு இருக்குதான்னு சும்மா கேட்டேன். மனுசன் கடையில இருந்த அத்தனை தட்டையும் தேடிப் பார்த்துட்டு, அதை யாரும் அடிக்கறதே இல்லைக்கான்னுட்டாரு. அதனால இப்ப எங்காரு வலது பக்கமாப் பார்த்தா எட்டு சிலிண்டர், எடது பக்கமாப் பார்த்தா நாலு. வர்றவங்களை எந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போறதுன்னு ஆளைப் பார்த்து முடிவு பண்ணிக்கறேன்.

அன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறியா? என்ன ஆகும், சாவியை வாங்கினேன். மேல போனவங்களுக்குப் போன் பண்ணி, என் தங்கச்சி காரு ரிப்பேரு, நாங்க எறங்கறோம்னான். நாலு, எட்டு ஒண்ணும் சொல்லலை. அதை நான் பெருசா எடுத்துக்கலை. அவன் காலைப் பத்தி நான் சொல்லாம இருக்கோணுமல்ல, அதுக்காகத்தான் இருக்கும்.

அந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன் பாரு. சீட்டுக்குக் கீழ இருந்து முதுகு வழியா ஏறுச்சு சத்தம். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு, நான் எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கேன்னு. மிக்ஸியை வெச்சுட்டு இதுன்னு சொல்லியிருக்கேனே. எறங்க ஆரம்பிச்சதும் அவன், "ஸ்லோ"ன்னான். "தெரியுங்கண்ணா"ன்னேன். அடுத்த வளைவுல, "ஹாரன்"னான். "தெரியுங்கண்ணா"ன்னேன். அதுக்கடுத்த வளைவுல ஒண்ணும் சொல்லலை.

இப்ப செவ்வாய், சனி, ரெண்டு நாளு இப்படித்தான். பஸ் பிடிச்சு ஹோப் காலேஜ்ல எறங்கி, அவன் ஊட்டுக்குப் போய், அவன் காரை எடுத்து, அவனை ஆஸ்பத்திரிக்கும் மில்லுக்கும் ஓட்டிட்டுப் போறேன். கிளப்புக்காரங்ககிட்ட, என் தங்கச்சி ஆசைப்படறா, அதான் ஓட்டக் குடுத்திருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கான். நானும் ஆமாங்கன்னு தலையாட்டறேன். சொந்தக் கார் வாங்கி, அதுக்கு நம்பர் தேடி ஊரைச் சுத்தி, கடைசியில டிரைவர் வேலை பார்க்கறேன். சம்பளமில்லாத டிரைவர். இதுக்கு எந்த பேட்ஜை ஒட்டறது, சொல்லு.

இந்தா, எங்க வந்துட்டோம்? ஏர்போர்ட் தாண்டியாச்சா. சரி, இன்னும் ஒரு நிமிசம் இருக்குது.

அன்னிக்கு மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள சத்தமே இல்லையேன்னு திரும்பிப் பார்த்தேன். தூங்கறான். வாயைத் திறந்துட்டு, தலை கண்ணாடியில சாஞ்சு, கொழந்தையாட்டம். என் வயசுக்கு நான் எங்கண்ணன் தூங்கிப் பார்த்ததே இல்லை. எங்கப்பா வண்டி ஓட்டினாக்கூட முன்னாடி உக்காந்து ரோட்டையே முறைச்சுட்டு வர்றவன் அவன். என்னை நம்பித் தூங்கினான்னு நீ நினைச்சுக்காத. காலையில மாத்திரை போட்டிருந்தான், அந்த மயக்கம். அவ்வளவுதான்.

அவன் ஊட்டு வாசலுக்கு வந்தாச்சு. அப்பவும் தூங்கறான். நிறுத்தினா எஞ்சின் சத்தம் நின்னு முழிச்சுக்குவானல்ல. நிறுத்தாம அப்படியே தாண்டிப் போனேன். பீளமேட்டை ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன். முழிக்கலை. இன்னொரு சுத்து சுத்தினேன்.

எனக்கென்ன கண்ணு, அவன் பெட்ரோல்தானே.